ஒரு சத்தம், இரண்டு எழுத்து

எழுத்துரு வரைவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதனால் உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் கணினிக்காக ஆளுக்கோர் எண் கொடுத்துவைத்திருக்கும் யூனிகோட் அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தால்கூட வீட்டில் யாரும் என்னவென்று கேட்பதில்லை. அப்படி ஒரு ராத்திரி ‘பழைய இத்தாலிய எழுத்துகள்’ பகுதியை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தபோது கடைசி இரண்டு கட்டங்களில் கண் நின்றுவிட்டது. ஒன்றின் பெயர் ‘வடக்கு ட்ஸே’. பக்கத்துக் கட்டத்தில் இருந்தது ‘தெற்கு ட்ஸே’. அந்தப் பகுதி 2001இலேயே யூனிகோடுக்குள் வந்துவிட்டது. இந்த இரண்டும் 16 வருஷம் வெளியே நின்று 2017இல்தான் உள்ளே வந்திருக்கின்றன.

ஒரே சத்தத்துக்கு எதற்கு இரண்டு எழுத்து என்பதுதான் முதலில் உறைத்தது. யூனிகோடில் அப்படிச் சும்மா இடம் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரே எழுத்தை இரண்டு ஊர்க்காரர்கள் கொஞ்சம் வேறுமாதிரி எழுதினால், அது எழுத்துரு செய்கிறவர் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று சொல்லி ஒரே எண்ணைத்தான் கொடுப்பார்கள். தனித்தனி எண் கிடைத்திருக்கிறது என்றால் இது அதிலிருந்து திரிந்தது என்று சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் வேறு வேறு வடிவம் என்று அர்த்தம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் அரை வருஷம் ஓடிவிட்டது. போய்ச் சேர்ந்த இடம் ரேட்டிக், இன்று யாரும் பேசாத ஒரு பழைய மலை மொழி.

ஆல்ப்ஸ் மலையின் கிழக்குப் பக்கம். இன்றைய வரைபடத்தில் ஆஸ்திரியாவின் டிரோல், இத்தாலியின் தெற்கு டிரோல், ட்ரெண்டினோ, அதற்குக் கீழே வெனெட்டோவின் மலையடிவாரம், ஸ்விட்சர்லாந்தில் எங்கடீன் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி. பனிக்குள் 1991இல் கிடைத்தாரே ஏட்சி என்ற மனிதர், அவரும் இந்த மலைக்காரர்தான், ஆனால் அவர் இவர்களுக்கு இரண்டாயிரத்து எழுநூறு, எண்ணூறு வருஷம் மூத்தவர். நான் சொல்லும் ஆட்கள் கி.மு. 500 வாக்கில் எழுத ஆரம்பித்து கி.மு. 1ஆம் நூற்றாண்டில் எழுதுவதை விட்டவர்கள். கி.மு. 15இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவிக்கு முன் திருமணத்தில் பிறந்த மகன்கள் ட்ரூஸஸும் திபேரியஸும் படையோடு வந்து மலையைப் பிடித்தார்கள், அதற்குப் பிறகு அங்கே லத்தீன்தான். ஸ்விட்சர்லாந்தில் இன்று பேசும் ரோமான்ஷ் மொழியை ‘ரேட்டோ ரோமானிய’ வகை என்று சொல்வதைப் பார்த்து அது இதனுடைய பேத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அது லத்தீனின் பிள்ளை, ஊர்ப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது.

மிஞ்சியிருப்பது சுமார் 300 பொறிப்புகள். கல்வெட்டு என்று எழுத வந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன், ஏனென்றால் கல்லில் இருப்பது கொஞ்சம்தான். வெண்கல வாளி, அகப்பை, கைக்கு அடக்கமான வெண்கலப் பொம்மை, மான்கொம்பு, பானை ஓடு, இவற்றின்மேல்தான் எழுதியிருக்கிறார்கள். பலவற்றில் ஒன்று இரண்டு எழுத்துதான் இருக்கும், இது இன்னாருடையது என்று போட்ட குறி மாதிரி. ஒரு முழு வாக்கியம் கிடைத்தாலே பெரிய விஷயம். வியன்னா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, படமெடுத்து இணையத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் மனதாரக் கும்பிடு போடுகிறேன். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையின் வாளி ஒன்றில் இருக்கும் கீறலைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு அவர்கள்தான் காரணம்.

சரி, எழுத்துக்கு வருவோம்.

ரேட்டிக் எழுத்து சொந்தமாக முளைத்ததில்லை. ஃபீனீசியரிடமிருந்து கிரேக்கருக்கு, இத்தாலியில் குடியேறிய கிரேக்கரிடமிருந்து கி.மு. 700 வாக்கில், ரோமானியர் தலையெடுக்கும் முன்பே இத்தாலியில் இருந்த எத்ருஸ்கருக்கு, அங்கிருந்து வடக்கே மலையடிவாரத்துக்கு என்று கைமாறிக் கைமாறி வந்தது. அதனால் பெரும்பாலும் வலமிருந்து இடமாக ஓடும். இப்படிக் கைமாறும் இடங்களைத்தான் நான் ஆசையாகப் பார்ப்பேன். ஒரு மொழிக்குத் தைத்த சட்டையை இன்னொரு மொழி போட்டுக்கொள்ளும்போது எங்கேயாவது இடிக்கும், எங்கேயாவது தொளதொளவென்று நிற்கும். அந்த இடத்தில் அந்தந்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அவர்கள் வாயில் என்ன சத்தம் இருந்தது என்று தெரிந்துவிடும்.

எத்ருஸ்கருக்கு ‘ஒ’ கிடையாது. தடித்து ஒலிக்கும் ‘ப’, ‘த’, ‘க’ என்ற மூன்றும் கிடையாது, அதாவது பயம், தானம், கங்கை என்ற சொற்களில் நாம் முதலில் சொல்கிறோமே, அந்தச் சத்தம். கிரேக்கரிடம் அவற்றுக்குத் தனி எழுத்து இருந்தது. எத்ருஸ்கர் வாங்கிப் பார்த்தார்கள், வேலையில்லை, போகப் போக விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வடகிழக்கே எஸ்தே, பதுவா பக்கம் இருந்த வெனெட்டிக்காரர்களுக்கோ இந்த நாலும் வேண்டும். ‘ஒ’வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தடித்த மூன்றுக்கும் என்ன செய்தார்கள் தெரியுமா? எத்ருஸ்கன் வரிசையில் ‘ப்ஹ்’, ‘ட்ஸ்’, ‘க்ஹ்’ என்று தங்களுக்குத் தேவைப்படாத எழுத்துகள் சும்மா கிடந்தன. அவற்றை எடுத்து அந்த மூன்று சத்தத்துக்கும் வேலைக்கு வைத்துவிட்டார்கள். எஸ்தேயில் கிடைத்த வெண்கலப் பலகைகளில் எழுத்துப் பயிற்சியே இருக்கிறது, ‘அ, க, எ, ஒ’ என்ற நாலும் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். ரெய்தியா என்ற பெண்தெய்வத்துக்கு எழுதுபலகையும் எழுத்தாணியும் செய்து படைத்திருக்கிறார்கள். எழுத்தையே காணிக்கையாகக் கொடுத்த ஊர் அது.

இப்போது மலையேறினால் ரேட்டிக்காரர்கள். இவர்களுக்கும் ‘ஒ’ இல்லை. அ, எ, இ, உ என்று நாலே உயிர். தடித்த மூன்றுக்கும் எழுத்து இல்லை. தமிழ்க்காரருக்கு இந்த இடம் கொஞ்சம் பழகிய வீடு மாதிரிதான் இருக்கும். நமக்கும் ஒரே ‘க’தானே. (இதனால் ஒரு சிக்கலும் உண்டு. ரேட்டிக் சொற்களை இங்கே தமிழில் எழுதும்போது வல்லினத்தை எல்லா இடத்திலும் அழுத்தமாகவே படிக்க வேண்டும், நம் வழக்கப்படி நடுவில் மெலித்துவிடக் கூடாது.) ஆக எத்ருஸ்கன் சட்டை இவர்களுக்கு ஏறக்குறையப் பொருந்திவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. அந்த இடம்தான் ‘ட்ஸ்’.

‘ட்’டில் நாக்கை வைத்து ‘ஸ்’ஸில் விடுகிற சத்தம். எத்ருஸ்கர் வரிசையில் அதற்கு எழுத்து இருக்கத்தான் செய்தது, நான் மேலே சொன்ன அதே எழுத்து. அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு என் ஊகம் என்னவென்றால், பக்கத்து வெனெட்டிக்காரர்கள் அந்த எழுத்தைத் தடித்த ‘த’வுக்கு வைத்துவிட்டார்கள் இல்லையா, சந்தையிலும் கோயிலிலும் அந்த எழுத்து அந்தச் சத்தமாகவே பழகிவிட்டிருக்கும். எழுத்துப் பழகியவர் அவர்களைப் பார்த்துப் பழகியிருந்தால் அதில் ‘ட்ஸ்’ஸை அவருக்குக் காண முடிந்திருக்காது. எது எப்படியோ, ‘த்’ என்று எழுதிச் சமாளித்துவிடலாம் என்று விடவில்லை, ‘ஸ்’ என்று எழுதிவிட்டுப் போகவும் இல்லை. புதிதாக ஓர் எழுத்தைக் கொண்டுவந்தார்கள்.

அதிலும் இரண்டு இடத்தில், இரண்டு விதமாக.

வடக்கே சான்சேனோ என்ற ஊர். ட்ரெண்டினோவில் வால் தி நோன் என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது, இன்று ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்போன பகுதி. ரேட்டிக் பொறிப்புகள் அள்ளிக் கொடுத்த ஊர்களில் இது முக்கியமானது. ஆஸ்திரியாவில் இருக்கும் ஃப்ரிட்சென்ஸையும் இந்த ஊரையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்துப் பண்பாட்டுக்கே ஃப்ரிட்சென்ஸ் சான்சேனோ என்று பெயர். இந்த வகை எழுத்தில் ‘ட்ஸ்’ என்பது ஓர் அம்பு. நிமிர்ந்த கோடு, உச்சியில் இரண்டு பக்கமும் இறங்கும் சிறு கோடுகள். மேலே போகச் சொல்லி வழிகாட்டும் அம்புக்குறியேதான்.

தெற்கே மாக்ரே. வெனெட்டோவில் ஸ்கியோ நகரத்துக்குள் அடங்கிவிட்ட இடம், மலை முடிந்து சமவெளி தொடங்கும் விளிம்பு. 1912இல் அங்கே தோண்டியபோது எழுத்து வெட்டிய மான்கொம்புகள் இருபது வாக்கில் கிடைத்தன, நேர்ந்துகொண்டு படைத்தவை. இந்த வகையில் ‘ட்ஸ்’ அம்பு கிடையாது. குறுக்குக் கோடுகளால் ஆன முற்றிலும் வேறு கட்டுமானம். அம்பைத் திருப்பி, சாய்த்து, உடைத்து எப்படிப் பார்த்தாலும் அது வராது. ஒரே மொழி, ஒரே சத்தம், இரண்டு பள்ளத்தாக்கு, இரண்டு எழுத்து. யூனிகோடின் வடக்கும் தெற்கும் இதுதான்.

இதை 1885இல் கார்ல் பௌலி என்ற ஜெர்மன் அறிஞர் வகைபிரித்தபோது மாக்ரே கொம்புகள் மண்ணுக்கடியில்தான் இருந்தன. அவர் வடஇத்தாலியப் பொறிப்புகளை எழுத்து வடிவத்தை வைத்து எஸ்தே, போல்சானோ, சோந்திரியோ, லுகானோ என்று நாலாகப் பிரித்தார். போல்சானோ வகை என்று அவர் சொன்னதுதான் பிற்பாடு சான்சேனோ என்ற பெயருக்கு மாறியது. எழுத்து வேறு, மொழி வேறு என்பதை மறந்துவிட்டால் இந்தப் பிரிப்பு காலை வாரிவிடும். லுகானோ எழுத்தில் இருப்பது கெல்ட்டிய மொழி, எஸ்தேயில் இருப்பது லத்தீனுக்குப் பங்காளி முறையான வெனெட்டிக், போல்சானோவில் இருப்பது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ரேட்டிக். பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மாக்ரேயையும் சான்சேனோவையும் பிரிப்பது ‘ட்ஸ்’ மட்டும் இல்லை. இன்னும் மூன்று எழுத்து இருக்கிறது, நான் திணறிப்போனது அங்கேதான். சான்சேனோவில் ‘உ’ என்பது ஆங்கில ‘வி’ மாதிரி, வாய் மேலே பார்த்திருக்கும். மாக்ரேயில் அது கவிழ்ந்துவிடும், கூடாரம் அடித்த மாதிரி. சான்சேனோவில் ‘ல்’ என்பது நெட்டுக்கோட்டின் அடியில் சின்னக் கோடு, ‘ப்’ என்பது நெட்டுக்கோட்டின் உச்சியில் சின்னக் கோடு. மாக்ரேயில் இரண்டும் தலைகீழ். அதாவது அங்கே ‘ல்’லாக இருந்த வடிவம் இங்கே ‘ப்’, அங்கே ‘ப்’பாக இருந்தது இங்கே ‘ல்’. வெனெட்டிக்காரர்களும் மாக்ரே மாதிரியே கவிழ்த்துத்தான் எழுதினார்கள், பக்கத்து ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரேட்டிக்கில் ‘உபிகு’ என்று ஒரு சொல் வரும், படைத்தது, கொடுத்தது என்ற மாதிரிப் பொருளில் அதை எடுத்துக்கொள்கிறார்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்த நாட்களில், எந்த வகை என்று குறித்துவைக்காமல் ஒரு பக்கத்தில் மாக்ரே பட்டியலையும் எதிர்ப்பக்கத்தில் சான்சேனோ வகையில் எழுதிய இந்தச் சொல்லையும் வைத்துக்கொண்டு, ‘உலிகு’, ‘உலிகு’ என்று மூன்று நாள் தேடியிருக்கிறேன். அப்படி ஒரு சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை. பிறகுதான் புரிந்தது, ‘உ’ கவிழாமல் நிற்கிறதே, அப்படியானால் இது சான்சேனோ, அப்படியானால் உச்சியில் கோடு வைத்தது ‘ப்’. இப்போது எந்தப் பொறிப்பைப் பார்த்தாலும் முதலில் ‘உ’ எங்கே என்றுதான் கண் தேடுகிறது. அது நிமிர்ந்திருந்தால் ஓர் ஊர், கவிழ்ந்திருந்தால் இன்னோர் ஊர்.

அடுத்தது திசை. ‘எ’ என்ற எழுத்துக்கு நெட்டுக்கோட்டிலிருந்து மூன்று கை நீளும். அந்தக் கைகள் பொதுவாக எழுத்து ஓடுகிற பக்கம் நீண்டிருக்கும், வலமிருந்து இடமாக எழுதினால் இடப்பக்கம் பார்க்கும். அந்த மூன்று கையைப் பிடித்துக்கொண்டால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

கையால் வெட்டிப் பார்க்காமல் இதெல்லாம் மண்டைக்குள் முழுதாக இறங்கவில்லை. மான்கொம்புக்கு எங்கே போவது? அம்மாவிடம் தேங்காய் துருவி முடித்த கொட்டாங்குச்சி ஒன்றைக் கேட்டு வாங்கி, நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, ஒரு கான்கிரீட் ஆணியின் முனையைத் தீட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ‘உ’. ஆணியை அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு நேராக வருகிறது. வளைக்க நினைத்த கணமே முனை தடத்தை விட்டு வழுக்கிக்கொண்டு போகிறது, நடு ஓட்டில் நீளமாக ஒரு கீறல் விழுகிறது. நாலு தடவை வழுக்கிய பிறகு கை தானாகவே வளைவை விட்டுவிட்டது. ஓலையில் நேர்கோடு இழுத்தால் கிழியும், அதனால்தான் நம் எழுத்து உருண்டது என்று சொல்வார்கள். இங்கே நேர் எதிர், உருட்டினால் வழுக்கும். ரேட்டிக் எழுத்து முழுக்கக் குச்சி குச்சியாக நிற்பதைப் பார்த்தால் இப்போது எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

நெட்டுக்கோட்டை முதலில் போட வேண்டும் என்பதும் அப்போது தெரிந்தது. அது ஆழமாக விழுந்துவிட்டால் பக்கக் கோட்டை அதிலிருந்து தொடங்கலாம், ஆணி முனை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். ‘எ’வின் மூன்று கையும் அப்படித்தான் போட்டேன். அம்புக்கு மட்டும் உச்சியில் மூன்று வெட்டும் ஒரே புள்ளியில் சேர வேண்டும், சேர்கிற இடத்தில் ஓடு சின்னதாகப் பெயர்ந்து வந்துவிடுகிறது. சான்சேனோக்காரர் வெண்கலத்தில் அதைச் சுத்தமாகச் செய்திருப்பதைப் பார்க்கும்போது கை பழகியவர் என்று தெரிகிறது.

அப்புறம் இன்னொன்று. கொட்டாங்குச்சி கையில் உருண்டுகொண்டே இருக்கிறது. வசதிக்காகத் திருப்பித் திருப்பிப் பிடித்து வெட்ட வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எது மேல், எது கீழ் என்பதே போய்விடுகிறது. காகிதத்துக்குத்தான் தலையும் காலும் உண்டு. கொம்புக்கும் வாளிப் பிடிக்கும் கிடையாது. சான்சேனோ பொறிப்பு ஒன்றை முழுவதுமாகத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், அதன் ‘உ’ கவிழ்ந்துவிடும், ‘ல்’லின் கோடு உச்சிக்குப் போய்விடும், ‘ப்’பின் கோடு அடிக்கு வந்துவிடும், மாக்ரே மாதிரியே ஆகிவிடும். மற்ற எழுத்துகள் கால் ஊன்றி நிற்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். இரண்டு பேர் ஒரே பொருளை எதிரெதிராகப் பிடித்துப் படித்தால் இரண்டு வேறு சொற்கள் வரும் என்ற இடத்தில் இருந்துதான் இந்த மொழியைப் படித்து வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள்.

நான் பொறிப்புகளில் அதிகம் திரும்பிப் போவது செம்ப்ரா வாளிக்கு. ட்ரெண்டோவுக்கு வடகிழக்கே செம்ப்ரா பள்ளத்தாக்கில், தோஸ் கஸ்லீர் என்ற குன்றில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிடைத்த வெண்கல வாளி. இப்போது ட்ரெண்டோவின் புவோன்கொன்சிலியோ கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரேட்டிக்கில் கிடைத்த நீளமான எழுத்துகளில் ஒன்று இதில்தான், பல துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டு ‘லவிசெஷெலி’. அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றின் பெயர் அவிசியோ, அது அதிகே நதியில் சேரும் இடத்தில் இருக்கும் ஊரின் பெயர் லாவிஸ். காதில் விழுகிறதா? இன்னொரு துண்டில் ‘வினுதாலினா’. அதன் தலையில் இருக்கும் ‘வினு’வைத் திராட்சை மதுவோடு சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. பாத்திரம் வாளி, மலைச்சரிவில் இன்றும் திராட்சை, அகஸ்டஸுக்கு மிகவும் பிடித்தது ரேட்டியா மதுதான் என்று ரோமானிய எழுத்தாளர் சூடோனியஸ் எழுதி வைத்திருக்கிறார், எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. இப்படி அழகாகப் பொருந்தும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. முன்பு பலரும் இந்தப் பொறிப்புகளில் தெய்வப் பெயர்களைத் தேடினார்கள், மாக்ரே கொம்புகளில் ரெய்தியாவே வந்துவிட்டாள் என்றார்கள். இப்போது அவற்றில் பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்தான் இருப்பதாகப் படிக்கிறார்கள்.

அந்தப் பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் பெயர், கூடவே அப்பா பெயர். ஆணாக இருந்தால் அப்பா பெயரின் கடைசியில் ‘நு’, பெண்ணாக இருந்தால் ‘நா’. நாம் இனிஷியல் போடுவோமே, அதை முழுதாக, பின்னால் எழுதியது போல. இன்னாரின் மகன் இன்னார் இதைக் கொடுத்தார். பெரும்பாலான பொறிப்பு இவ்வளவுதான்.

கொடுத்தார் என்ற இடத்தில்தான் நம் அம்பு திரும்ப வருகிறது. ‘ட்ஸினகே’ என்று ஒரு வினைச்சொல், முதல் எழுத்து அந்தத் தனி எழுத்து. எத்ருஸ்கனில் இதற்கு நேராக ‘ட்ஸினகே’ என்றே இருக்கிறது, செய்தார் என்று பொருள். ஹெல்முட் ரிக்ஸ் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1998இல் ரேட்டிக்கும் எத்ருஸ்கனும் ஒரே குடும்பம் என்று காட்டியபோது சொற்களை விட ஈறுகளைத்தான் அதிகம் நம்பினார். இறந்தகால ‘கே’, உடைமைக்கு வரும் ‘சி’, ‘லே’ போன்ற ஈறுகள். ஈறுகளைக் கடன் வாங்குவது லேசில் நடக்காது. ஏஜியன் கடலில் லெம்னோஸ் தீவில் 1885இல் கிடைத்த நடுகல் ஒன்றின் மொழியும் இந்தக் குடும்பம்தான். மூன்றே உறுப்பினர், மூன்றும் செத்த மொழி. லிவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் ரேட்டியரைப் பற்றி எழுதும்போது, இவர்களும் எத்ருஸ்கர் வழிதான், மலைக்குப் போய்க் காட்டாளாகிவிட்டார்கள், பழையதில் பேச்சின் ஓசை மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதுவும் கெட்டுப்போய்விட்டது என்ற பொருளில் சொல்கிறார். அவர் பதுவாக்காரர், அந்த மலைகள் அவர் ஊருக்கு வடக்கேதான். உறவு என்று சொன்னது சரி. கெட்டுப்போனது என்று சொன்னதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு மொழியும் ஒரு தாயிடமிருந்து எப்போதோ பிரிந்தவை, ஒன்று இன்னொன்றின் கெட்ட வடிவம் இல்லை.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே யாராவது தமிழோடு தொடர்பு உண்டா என்று கேட்டுவிடுகிறார்கள். இல்லை. இரண்டிலும் ‘க’ ஒன்றுதான் என்பது தொடர்பு ஆகாது. ரேட்டிக்கை அரபியும் ஹீப்ருவும் சேர்ந்த செமித்தியக் குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்த்தவர்கூட உண்டு. பொறிப்பு குட்டையாக இருந்தால் யார் எதை வேண்டுமானாலும் அதில் படிக்கலாம். நான் அந்த வரிசையில் நிற்க விரும்பவில்லை.

ரூன் எழுத்து விஷயம் வேறு, அதில் உண்மையிலேயே பேச இடம் இருக்கிறது. வடக்கு ஐரோப்பாவின் ரூன் எழுத்தில் ‘த்’ என்பது அம்பு. ‘உ’ கவிழ்ந்திருக்கும். ‘ல்’லின் கோடு உச்சியில் இருக்கும். மாக்ரேயைப் பார்த்த கண்ணால் இதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் மூச்சு நிற்கும். அதனால் ரூன்கள் இந்த மலைகளிலிருந்து போனவை என்று ஒரு கட்சி நூறு வருஷமாக இருக்கிறது. ஸ்லொவேனியாவில் நெகாவ் பக்கம் 1811இல் கிடைத்த வெண்கலத் தலைக்கவசங்களில் ஒன்றில், இதே வடஇத்தாலிய எழுத்தில் ‘ஹரிகஸ்தி தெய்வா’ என்று ஜெர்மானியப் பெயர் வெட்டியிருப்பது அவர்களுக்குப் பலம். (அந்த ‘தெய்வா’வைக் கடவுளைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல் என்று பலர் கொள்கிறார்கள், அப்படியானால் சமஸ்கிருத ‘தேவ’வுக்கு அது தூரத்துச் சொந்தம்.) எதிர்க்கட்சி கேட்பதும் நியாயம்தான். நிச்சயமாகக் காலம் சொல்லக்கூடிய மிகப் பழைய ரூன்களில் ஒன்று டென்மார்க்கில் விமோஸேயில் கிடைத்த சீப்பு, கி.பி. 160 வாக்கு. ரேட்டிக் எழுத்து நின்றுபோய் அதற்குள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இடையில் அவ்வளவு தூரம் வேறு. தவிர ரூன்களில் ‘ர்’, ‘ஃப்’ எல்லாம் லத்தீன் எழுத்தை அப்படியே உரித்துவைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால் அந்த அம்பை வைத்து மட்டும் எதையும் கட்டக் கூடாது. நெட்டுக்கோட்டின் உச்சியில் இரண்டு சாய்கோடு என்பது குச்சியால் எழுதுகிற எவர் கையிலும் வந்துவிடக்கூடிய வடிவம், கொட்டாங்குச்சியில் என் கைக்கே வந்தது. ‘உ’, ‘ல்’ இரண்டும் சேர்ந்து கவிழ்வதுதான் கனமான சாட்சி.

கடைசியாக ஓர் இடம். ஆஸ்திரியாவில், பவேரிய எல்லை பக்கம், ஸ்டைன்பெர்க் என்ற மலைக்கிராமத்துக்கு மேலே 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் பாறையில் ஒரு பிளவு, உள்ளே ஊற்று. 1957இல் அதன் சுவரில் ரேட்டிக் எழுத்து இருப்பது தெரியவந்தது. பல வரிகள், மலையேறி வந்தவர்கள் ஊற்றடியில் நின்று பாறையில் வெட்டியவை. அங்கேயும் பெயரும் அப்பா பெயரும்தான். ரோமானியர் எழுதிய வெற்றிப் பட்டியல்களில் இந்த மலை மக்களின் பெயர் கூட்டம் கூட்டமாக, தோற்றவர்கள் என்ற தலைப்பில் வரும். இந்தப் பாறையில் ஒவ்வொருவராக, அவரவர் பெயரில் இருக்கிறார்கள்.

இப்போது என் எழுத்துருவில் அந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். தெற்கு ட்ஸே முடிந்துவிட்டது. வடக்கு ட்ஸேயை மூன்று தடவை அழித்துவிட்டேன், ஏனென்றால் கணினி அதை ஒவ்வொரு தடவையும் சாலையோரத்து அம்புக்குறியாக்கிவிடுகிறது, இரண்டு சாய்கோடும் அச்சு பிசகாமல் ஒரே அளவு, முனை ஊசி மாதிரி. நேற்று கொட்டாங்குச்சியை எடுத்து ஸ்கேனரில் வைத்தேன். இடப்பக்கக் கோடு கொஞ்சம் நீளம், ஆணியை முதலில் அந்தப் பக்கம்தான் இழுத்திருக்கிறேன். உச்சியில் ஓடு பெயர்ந்த இடம் சின்னதாக மழுங்கியிருக்கிறது. அந்த மழுங்கலோடு அப்படியே வரைந்து சேமித்துவிட்டேன்.